பக்கத்துக் கட்டில்

ஆன்சரிங் மெஷினில் ஒரு ஆண் குரல். நடந்ததற்கு வருந்துகிறான், மறுபடி சேர்ந்து இருக்கலாம் என்கிறான். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு வந்த செய்தி இல்லை அது. அவளோடு அதே வீட்டில் இருக்கும் இன்னொருத்திக்கு வந்தது. கேட்கிறாள். அழித்துவிடுகிறாள்.

'சிங்கிள் ஒயிட் ஃபீமேல்' படத்தில் பின்னால் கொலைகள் வருகின்றன. ஆனால் என் தூக்கத்தைக் கெடுத்தது இந்த ஒரு காரியம்தான். வீட்டுக்குள் இருக்கிறவளால் மட்டுமே செய்யக்கூடிய குற்றம் இது. பூட்டை உடைக்க வேண்டாம், சுவரேறிக் குதிக்க வேண்டாம். ஒருத்தியின் வாழ்க்கை அப்படியே வேறு பக்கம் திரும்பிவிடும். திருப்பியது யாரென்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

கூட இருந்தே குழி பறிப்பது என்று சொல்வோமே, அந்த மாதிரிப் படங்களைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். போன வாரம் மூன்று ராத்திரி உட்கார்ந்து பழைய படங்களையெல்லாம் திரும்பப் பார்த்தேன். முடிவு வரைக்கும் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

'சிங்கிள் ஒயிட் ஃபீமேல்' 1992 ஆகஸ்டில் வந்தது. ஜான் லட்ஸின் நாவலை வைத்து டான் ரூஸ் திரைக்கதை எழுத, பார்பெட் ஷ்ரோடர் இயக்கினார். கல்யாணமாகாத வெள்ளைக்காரப் பெண் என்பதை அந்த ஊர்ப் பத்திரிகைகளின் வரி விளம்பரத்தில் மூன்றே எழுத்தாகச் சுருக்கிப் போடுவார்கள். நம் மணமகள் தேவை விளம்பரத்தில் ஜாதியும் நட்சத்திரமும் சம்பளமும் சுருங்கிக் கிடக்குமே, அப்படி. ஒரு மனுஷியை மூன்று எழுத்தில் அடக்கி, அந்த மூன்று எழுத்தை நம்பி வீட்டுச் சாவியைக் கொடுப்பது. தலைப்பிலேயே விஷயம் இருக்கிறது.

ஆலியாக பிரிஜெட் ஃபோண்டா. ஆடை நிறுவனங்களுக்கு சாஃப்ட்வேர் எழுதி விற்கிறவள். கூட இருந்த சாம் தன் பழைய மனைவியோடு படுத்தான் என்று தெரிந்ததும் அவனைத் துரத்துகிறாள். தனியாக இருக்க முடியவில்லை. விளம்பரம் கொடுக்கிறாள். அழுதுகொண்டிருக்கிற நேரமாகப் பார்த்து ஹெடி வந்து நிற்கிறாள். ஜெனிஃபர் ஜேசன் லீ. தோள்கள் ஒடுங்கி, உடம்பைவிடப் பெரிய உடைக்குள் ஒளிந்துகொண்டு, ஏதோ மன்னிப்புக் கேட்க வந்தவள் போல நிற்கிறாள். புத்தகக் கடையில் வேலை. வந்தவர்களிலேயே இவள்தான் சாது என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மன்ஹாட்டனில், பிராட்வேயில், 73-க்கும் 74-க்கும் நடுவே அன்சோனியா என்று ஒரு கட்டடம். 1904-ல் கட்டி முடித்தது. படத்தில் வெளியே தெரிவது அதுதான். அதன் சுவர்கள் அவ்வளவு கனம். உள்ளே சாதகம் செய்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது என்பதற்காகவே இசைக்காரர்கள் தேடி வந்து குடியிருந்தார்கள். டோஸ்கனினி இருந்திருக்கிறார், ஸ்ட்ராவின்ஸ்கி இருந்திருக்கிறார். இப்படிப்பட்ட கட்டடத்தை எடுத்துக்கொண்டு, படம் அதற்குள் ஒரு காற்றுக் குழாயை வைக்கிறது. சுவரில் ஒரு சின்னக் கம்பித் தட்டி. மாடியில் குடியிருக்கும் நண்பர் கிரஹாமிடம் ஆலி போய் ஹெடியைப் பற்றி மனம்விட்டுப் பேசுகிறாள். கீழே அந்தத் தட்டியின் வழியாக ஒவ்வொரு சொல்லும் ஹெடியின் காதில் விழுகிறது. சுவர் எவ்வளவு கனமாக இருந்தால் என்ன? ஒளிப்பதிவு லூசியானோ டோவோலி. 'சஸ்பீரியா'வுக்கு ஒளிப்பதிவு செய்தவர். அதில் வண்ணத்தால் மிரட்டியவர், இதில் நீண்ட நடைவழியையும் பாதி திறந்த கதவையும் வைத்தே மிரட்டுகிறார்.

எல்லோரும் சொல்லும் காட்சி முடிவெட்டும் காட்சி. இரண்டு பேரும் சேர்ந்து பார்லருக்குப் போகிறார்கள். ஆலி கீழே காத்திருக்கிறாள். படியில் ஹெடி இறங்கி வருகிறாள். அதே செம்பட்டை நிறம், அதே குட்டை வெட்டு. முகத்தில் சந்தோஷம். எப்படி இருக்கு என்று கேட்கிற கண்கள். தன் தலையைத் தானே எதிரில் பார்த்த ஆலியின் முகம் இறுகுகிறது. இந்தக் காட்சியில் நான் கவனித்தது ஹெடியின் சந்தோஷத்தை. அதில் கள்ளம் இல்லை. உன்னை எனக்கு அவ்வளவு பிடிக்கும் என்று காட்ட அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். இந்தப் படத்துக்குப் பிறகு, கூடப் பழகுகிறவரை அச்சாகக் காப்பியடிப்பதற்கு ஆங்கிலத்தில் படத்தின் பெயரையே வினைச்சொல்லாக்கிவிட்டார்கள்.

இங்கே என் கதை கொஞ்சம்.

1999-ல் சென்னையில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தேன். ஒரு ரூமுக்கு இரண்டு கட்டில், ஒரு பீரோ, ஒரு ஜன்னல். பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு பெண் வந்தாள். தெற்கத்திப் பக்கம். என்னைவிட மூன்று வயது சின்னவள். பேசவே மாட்டாள். ஒரு மாதம் கழித்து, "அக்கா, இந்த நீல சுடிதார எங்க தைக்கக் குடுத்தீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். அடுத்த வாரம் அதே நீலத்தில் அதே கழுத்து வைத்துத் தைத்துக்கொண்டு வந்தாள். பிறகு நான் வைக்கும் பொட்டு. நான் எடுக்கும் வகிடு. நான் பஸ்ஸில் முணுமுணுக்கும் பாட்டு. ஒரு நாள் காலையில் பஸ் ஸ்டாப்பில் முன்னால் ஒருத்தி நிற்கிறாள். பின்னாலிருந்து பார்த்தால் நான். உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அந்த வாரம்தான் ஹாஸ்டல் டிவியில், ராத்திரி பத்து மணிக்கு மேல், கேபிளில் இந்தப் படம் வந்தது. ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பார்த்தோம். அவள் பார்க்கவில்லை, ரூமில் தூங்கிக்கொண்டிருந்தாள். படம் முடிந்து நான் ரூமுக்குப் போய்க் கதவைத் திறந்தபோது என் கை நடுங்கியது. மீதியைப் பிறகு சொல்கிறேன்.

ஹெடிக்குப் பதினைந்து வருஷம் முன்பே இந்தக் கதையைச் சொன்ன படம் ஒன்று உண்டு. ராபர்ட் ஆல்ட்மன் 1977-ல் எடுத்த 'த்ரீ விமன்'. என்னைக் கேட்டால் இந்த வகையில் மிக உயர்ந்த படம் இதுதான். கனவில் வந்ததாக ஆல்ட்மன் சொன்ன படம். பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும்.

கலிஃபோர்னியாவின் பாலைவனத்தில் வயதானவர்களுக்கான வெந்நீர்க்குளியல் நிலையம். அங்கே மில்லி வேலை பார்க்கிறாள். ஷெல்லி டுவால். அந்த வருஷம் கான் விழாவில் சிறந்த நடிகை விருதை இதற்காகப் பகிர்ந்துகொண்டார். மில்லி ஓயாமல் பேசுவாள். பத்திரிகையில் பார்த்த சமையல் குறிப்பு, வீட்டு அலங்காரம், விருந்துக்கு யாரைக் கூப்பிட்டாள் என்பது. ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். அவள் பேசிக்கொண்டே பக்கத்தில் நடப்பாள், அவர்கள் அவளைத் தாண்டித் தங்களுக்குள் பேசிக்கொண்டு போவார்கள். அவள் காரில் ஏறிக் கதவைச் சாத்துவாள். பாவாடையின் ஓரம் ஒரு முழம் கதவுக்கு வெளியே மாட்டிக்கொண்டு தொங்கும். தெரியாமலே ஓட்டிக்கொண்டு போவாள். இது ஒரு தடவை இல்லை, படம் முழுக்க நடக்கும். தன்னை அவ்வளவு நேர்த்தியாக வைத்துக்கொள்கிறவளின் துணியோரம் காற்றில் படபடத்துக்கொண்டு போகும். அவளிடம் அதைச் சொல்ல ஒரு ஆள் இல்லை. ஒரு பெண்ணின் தனிமையை இதைவிடச் சின்னதாக, இதைவிட முழுசாக யாரும் காட்டி நான் பார்த்ததில்லை.

இந்த மில்லிக்கு ரூம்மேட்டாக வருகிறாள் பிங்கி, சிஸ்ஸி ஸ்பேசெக். மில்லி பேசுவதைக் கேட்கிற ஒரே ஜீவன். கேட்பது மட்டுமா, விழுங்குகிறாள். மில்லியின் உடையைப் போட்டுப் பார்க்கிறாள், மில்லியின் டைரியைப் படிக்கிறாள். நாம் பயந்துகொண்டே பார்க்கிறோம். ஆனால் அந்த வீட்டில் முதல் அடி பிங்கி அடிப்பதில்லை. ஒரு ராத்திரி மில்லி ஒரு குடிகாரனை, அதுவும் தெரிந்த இடத்துக் கர்ப்பிணிப் பெண்ணின் கணவனை, வீட்டுக்குக் கூட்டி வருகிறாள். பிங்கியைப் படுக்கையறையை விட்டு வெளியே போகச் சொல்கிறாள். பிங்கி கெஞ்சுகிறாள். மில்லி வாய்க்கு வந்தபடி திட்டுகிறாள். பிங்கி வெளியே போய், மாடி நடையிலிருந்து நீச்சல் குளத்தில் விழுகிறாள். நினைவு தவறி ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்து வரும்போது அவள் பிங்கி இல்லை. மில்லியின் உடையில், மில்லியின் அறையில், மில்லி இருக்க ஆசைப்பட்ட மாதிரியே எல்லோரும் திரும்பிப் பார்க்கும் ஒருத்தியாக இருக்கிறாள். அறைக்கு வெளியே படுத்துக்கொள்வது இப்போது மில்லி.

இதைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஹெடியிடம் போனேன். அங்கேயும் இதேதான். சாம் இல்லாத நாட்களில் ஆலிக்கு ஹெடி வேண்டும். பேச ஆள் வேண்டும், ராத்திரி வீட்டில் விளக்கு எரிய வேண்டும். ஹெடி ஒரு நாய்க்குட்டி வாங்கி வருகிறாள். இரண்டு பேரும் குடும்பம் மாதிரி இருக்கிறார்கள். சாம் திரும்பி வந்ததும் ஹெடி வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆலி கெட்டவள் இல்லை. மரியாதையாகத்தான் சொல்கிறாள். ஆனால் அழுகிற அன்றைக்குத் தோளாக இருந்தவளை அழுகை நின்றதும் அனுப்புவது எந்த மரியாதையில் சேர்த்தி? இந்த வகைப் படங்களில் நல்லவை எல்லாவற்றிலும் இந்தத் தருணம் இருக்கிறது. கொலைக்கு முன்னால், கத்திக்கு முன்னால், ஒருத்தர் இன்னொருத்தரிடம், நீ இனி வேண்டாம் என்று சொல்லும் தருணம். நான் இப்போது இந்தப் படங்களைப் பார்க்கும்போது அதற்காகத்தான் காத்திருக்கிறேன்.

'அபார்ட்மெண்ட் ஜீரோ'வில் இது தலைகீழாக நிற்கிறது. 1988-ல் மார்ட்டின் டோனவன் எடுத்தது. கூட எழுதியவர் டேவிட் கெப், பின்னால் 'ஜுராசிக் பார்க்' திரைக்கதையில் பங்கெடுத்தவர். இடம் பியூனஸ் அயர்ஸ். ஏட்ரியன் அங்கே பழைய படங்கள் திரையிடும் ஒரு சினிமாவை நடத்துகிறான், கூட்டமே வராது. மிக இளைய காலின் ஃபர்த். வீட்டுச் சுவரெல்லாம் சட்டம் போட்ட நட்சத்திரப் படங்கள். அர்ஜென்டினாக்காரன் என்பதை மறைத்து இங்கிலாந்துக்காரன் மாதிரி பேசுவான். அம்மா மனநோய் விடுதியில். பணமுடை. ரூமை வாடகைக்கு விடுகிறான். வருகிறவன் ஜாக், ஹார்ட் பாக்னர். சுவரில் தொங்கும் படங்களில் ஒன்றிலிருந்து இறங்கி வந்தவன் போல இருக்கிறான்.

அந்தக் கட்டடத்தில் ஒருத்தரோடும் பேசாதவன் ஏட்ரியன். ஜாக் வந்து சில நாளில் அத்தனை வீட்டுக் கதவும் ஜாக்குக்குத் திறக்கிறது. ஒவ்வொருவரும் எதற்காக ஏங்குகிறார்களோ அதுவாக அவரிடம் நடந்துகொள்கிறான். ஊரில் அப்போது கொலைகள் நடந்துகொண்டிருக்கின்றன. 1976 முதல் 1983 வரை அந்த நாட்டில் ராணுவ ஆட்சி நடந்தது. ஆயிரக்கணக்கானவர்களை வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போய்க் காணாமலாக்கினார்கள். அந்த வேலைக்குக் கூலிக்கு வந்தவன் ஜாக். வேலை முடிந்தும் கை நிற்கவில்லை. இது தெரிந்த பிறகு ஏட்ரியன் என்ன செய்கிறான் என்பதில்தான் படம் இருக்கிறது. அவன் பயப்படுவது ஜாக் கொன்றுவிடுவான் என்று இல்லை, ஜாக் போய்விடுவான் என்று. ஜாக் செத்த பிறகும் அவனை விட முடியாமல் பிணத்தோடு வீட்டில் இருக்கிறான். கடைசியில் ஏட்ரியனின் உடையும் நடையும் மாறிவிடுகின்றன. ஹெடி போல வந்தவன் வீட்டுக்காரனாக மாறவில்லை. வீட்டுக்காரன் வந்தவனாக மாறினான். ஒரு நாடு தன் வீட்டுக்குள் கொலைகாரனைக் குடிவைத்து, அவன் அழகில் மயங்கி, அவன் போன பிறகு அவனாகவே ஆகிவிடுவதைப் பற்றிய படம் என்று நான் இதைப் படித்துக்கொள்கிறேன்.

'ஷாலோ கிரேவ்' (1994) பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள், அதனால் சுருக்கமாக. டேனி பாயிலின் முதல் திரைப்படம். எடின்பரோவில் ஒரு பெரிய வீட்டில் டாக்டர், கணக்கர், நிருபர் என்று மூன்று பேர், நாலாவது ஆள் தேடுகிறார்கள். தேடுகிற காட்சி இருக்கிறதே, அதுதான் படத்திலேயே பயங்கரமானது. வருகிறவர்களை நடுக்கூடத்தில் உட்காரவைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டுக் கேலி செய்து அனுப்புகிறார்கள். இளமை, பணம், மூன்று பேராக இருக்கிற தைரியம். கடைசியில் தேர்ந்தெடுத்தவன் ஒரு நாள் அறைக்குள் செத்துக் கிடக்கிறான், கட்டிலுக்கு அடியில் பெட்டி நிறையப் பணம். பிணத்தைத் துண்டு போட்டுப் புதைக்கிற வேலை கணக்கர் டேவிட் தலையில் விழுகிறது. அதற்குப் பிறகு அவன் பணத்தோடு மேலே பரணுக்குக் குடிபோகிறான். கூரையில் துளை போட்டுக் கீழே இருப்பவர்களைப் பார்க்கிறான். இருட்டுப் பரணில் ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு வெளிச்சக் கம்பி மேலே எழுந்து நிற்கும். ஆபத்தான ஆள் வெளியிலிருந்து வரவே இல்லை. அவர்கள் ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள்.

2011-ல் வந்த 'தி ரூம்மேட்' படத்தையும் பார்த்தேன். கல்லூரி ஹாஸ்டல், லெய்டன் மீஸ்டர் நடித்தது. பிடிக்கவில்லை. அந்தப் பெண் ஏன் அப்படி இருக்கிறாள் என்பதற்கு விழுங்காமல் வைத்திருந்த மாத்திரை பாட்டிலைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிற எத்தனையோ பேர் நம்மோடு ரூமில், ஆபீஸில், பஸ்ஸில் இருக்கிறார்கள். தங்கள் பாட்டைப் பார்த்துக்கொண்டு, யாருக்கும் கெடுதல் நினைக்காமல். ஒரு பாட்டிலைக் காட்டி அவர்களைப் பார்த்துப் பயப்படக் கற்றுக்கொடுப்பது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது.

'சிங்கிள் ஒயிட் ஃபீமேல்' இந்தக் குற்றத்திலிருந்து முழுசாகத் தப்பவில்லை. ஹெடியின் செருப்புப் பெட்டியை ஆலி திறக்கிறாள். சாம் எழுதி, தன் கைக்கு வந்து சேராத கடிதம் அதில் இருக்கிறது. ஹெடியின் நிஜப் பெயர் வேறு. சின்ன வயதில் தண்ணீரில் மூழ்கிச் செத்துப்போன இரட்டைச் சகோதரி ஒருத்தி உண்டு. விளக்கம் கிடைத்துவிட்டது, இனி அவளைத் துரத்தித் துரத்திக் கொல்லலாம் என்று படம் கடைசி அரைமணி நேரத்தை அதற்குக் கொடுத்துவிடுகிறது. கூரான குதிகால் வைத்த செருப்பு ஆயுதமாகிறது, அடித்தளத்தில் ஓட்டம், பிடி. நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் முதல் ஒரு மணி நேரம் பார்த்த அந்தக் கூச்சக்காரப் பெண் அங்கே இல்லை.

ஒன்று மட்டும் ஷ்ரோடரைக் காப்பாற்றுகிறது. எல்லாம் முடிந்த பிறகு ஆலியின் குரல் வருகிறது. ஹெடி தன்னையே மன்னிக்க முடியாமல் இருந்தவள், நான் அவளை மன்னிக்கப் பார்க்கிறேன் என்ற பொருளில் பேசுகிறாள். திரையில் ஒரு புகைப்படம். பாதி ஆலியின் முகம், பாதி ஹெடியின் முகம், ஒட்டி ஒன்றாக்கியது.

1999-ல் நான் அந்தக் குரலைக் கேட்டேனா என்று நினைவில்லை. குதிகால் செருப்பு நினைவிருந்தது.

மறுநாள் காலையில் வார்டனிடம் போய் ரூம் மாற்றிக் கொடுங்கள் என்றேன்.

"ஏன்மா, ஏதாவது எடுத்துட்டாளா?"

"இல்ல மேடம்."

"சண்டையா?"

"இல்ல."

"பின்ன என்ன?"

என்னிடம் பதில் இல்லை. "அவ ஒரு மாதிரி இருக்கா மேடம்" என்றேன். அந்த 'ஒரு மாதிரி' சாயங்காலத்துக்குள் மெஸ்ஸுக்கு வந்து சேர்ந்துவிட்டது. படம் பார்த்த மற்றவர்களும் அதில் கொஞ்சம் சேர்த்துக்கொண்டார்கள். அவள் தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தால் அந்த பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துபோனார்கள். நான் ரூம் மாறினேன். அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அந்த நீல சுடிதாரை அப்புறம் அவள் போட்டு நான் பார்க்கவில்லை. இரண்டு மாதத்தில் காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டாள். அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் கிடந்தபோது மெஸ்ஸிலிருந்து ரசம் சாதம் வாங்கி வந்து, கரைத்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தவள்.

ஹாஸ்டலில் செல்போன் கிடையாது. கீழே ஆபீஸ் ரூமில் ஒரே ஒரு போன். நமக்குப் போன் வரும் நேரத்தில் நாம் இல்லாவிட்டால் ரூம்மேட்டைக் கூப்பிடுவார்கள். அவள் போய் எடுப்பாள். காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதி, என் தலையணைக்கு மேல் வைத்திருப்பாள். யார் பேசினார்கள், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார்கள். ஒன்றுகூடத் தவறியதில்லை.

போன வாரம் படத்தில் அந்த ஆன்சரிங் மெஷின் காட்சி வந்தபோது நிறுத்திவிட்டு, பரணிலிருந்த பழைய புத்தகப் பெட்டியை இறக்கினேன். ஒரு அகராதிக்குள் ஒரே ஒரு தாள் மிஞ்சியிருந்தது. நான் வைக்கும் அதே சுழி 'ழ'-வுக்கு வைத்திருந்தாள்.

"அக்கா, அம்மா போன் பண்ணாங்க, ராத்திரி ஏழு மணி. காய்ச்சல் எப்படி இருக்குன்னு கேட்டாங்க. தூங்குறாங்க, எழுப்பவான்னு கேட்டேன், வேண்டாம்னு சொன்னாங்க. நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன்."